சுல்தான் விழும் இடம்

வெள்ளிமட்டத்துப் பந்தய மைதானத்தில் குதிரைகள் ஓடுவதற்கு முன்பே அவற்றின் குளம்படிகள் விழத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்து வியாழக்கிழமை விடியற்காலையில். அதை முதலில் பார்த்தவர்கள் புல் மிதிக்கும் பெண்கள் பதினோரு பேர். பார்த்ததும் அவர்களுக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை குதிரைகள் பெயர்த்துப் போட்ட புல்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்தந்தக் குழியில் வைத்து, மண் தூவி, திம்மிசுக் கட்டையால் இடித்து, காலால் மிதித்து, திங்கள் முழுக்கவும் செவ்வாயில் பாதியும் இடுப்பொடிய வேலை செய்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது வந்து பார்த்தால் மைதானம் முழுக்க மறுபடியும் குழி. மேஸ்திரி அவர்களைத்தான் திட்டினான். அவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மறுபடி மிதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினான்கு குதிரைகள் ஓடி, வியாழக்கிழமை குழி இருந்த அதே இடங்களில், ஒரு விரற்கடை பிசகாமல், குழி பறித்துவிட்டுப் போயின.

அந்தப் பதினோரு பேரில் அங்காத்தாள் மூத்தவள். ஐம்பத்திரண்டு வயது, அதில் இருபத்தாறு வருடம் புல் மிதித்தே போனது. அவளும் மற்றவர்களும் குதிரைகளை முகம் பார்த்து அறிந்தவர்கள் இல்லை, காலைப் பார்த்து அறிந்தவர்கள். மவுண்டன் குயின் என்ற பெண்குதிரையின் இடது முன்னங்கால் லாடத்தில் குறுக்கே ஒரு பட்டை உண்டு. சுல்தான் என்ற குதிரை பின்னங்கால் வலதைத் தூக்கும்போது மண்ணில் ஒரு கோடு இழுக்கும். எந்தக் குதிரை எங்கே வேகம் எடுத்தது, எங்கே மூச்சு விட்டது, எங்கே சவுக்கடி வாங்கியது என்று குழியின் ஆழத்தை வைத்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள். யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை.

அடுத்த வியாழக்கிழமையும் குழி விழுந்திருந்தபோது அங்காத்தாள் மிதிப்பதற்கு முன்னால் ஒரு நடை நடந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போன வர்க்கிக் கடையில், இந்த வாரம் மவுண்டன் குயின்தான் வரும் என்று போகிற போக்கில் சொல்லி வைத்தாள். வந்தது. அந்தச் சொல்லுக்காகப் பிற்பாடு அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மழை வந்தால் குடை பிடிப்பதைப்போல ஏற்றுக்கொண்டது. ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு நடக்கிறது என்றுதான் கேட்டார்கள். காலை ஐந்தரைக்குப் பால்காரர்களுக்கு முன்னால் வெள்ளிமட்டம் விழித்துக்கொள்ளத் தொடங்கியது. சவரக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், தாசில்தார் அலுவலகத்துக் கிளார்க்குகள், கோவில் கமிட்டித் தலைவர், கான்வென்ட்டில் கணக்கு எடுக்கும் சார், எல்லாரும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டார்ச் லைட்டோடு வேலியோரம் வந்து குனிந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, மண்ணின் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று யோசித்துவிட்டு, தானும் குனிந்தார். பந்தயக் கிளப்பின் செயலாளர் சந்தானகோபால் முதல் வாரம் கோபப்பட்டார், இரண்டாம் வாரம் யோசித்தார், மூன்றாம் வாரம் ஆறிலிருந்து எட்டு மணிவரை குளம்படி பார்க்கத் தலைக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட் போட்டார். எட்டு மணிக்குமேல்தான் பெண்கள் உள்ளே போய் மிதிக்க வேண்டும். பந்தயம் முடிந்தபின் அதே குழிகளை இன்னொரு தரம் மிதிக்க வேண்டும். இரண்டு தரம் வேலை, ஒரு தரம்தான் கூலி; கேட்டதற்கு, குழி அதேதானே அம்மா என்றார்.

ஆனால் அதிசயம் கையில் கிடைத்தும் ஊருக்குத் திருப்தி வரவில்லை. எல்லாருக்கும் ஜெயிக்கிற குதிரை தெரிந்து, எல்லாரும் அதன்மேலேயே கட்டினால், பத்து ரூபாய் கட்டினவனுக்குப் பத்தரை ரூபாய்தான் திரும்பி வருகிறது. அதோடு நிறையக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் கடைசி இருநூறு கஜம் உழுத வயலாகத்தான் கிடக்கும், ஒன்றன் குளம்பின்மேல் இன்னொன்றின் குளம்பு. எது முந்தியது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் பழைய வேலை பழையபடியே நடந்தது: புத்தகத்தை விரித்து வைத்து, போன மூன்று ஓட்டத்தில் எது எங்கே வந்தது, எதற்கு எத்தனை கிலோ பாரம், எவன் ஓட்டுகிறான், மண் ஈரமா காய்ந்ததா என்று பார்த்து, வராது என்பதை ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சுகிறதில் பணத்தைப் போடுவது. குளம்படி அந்தக் கழித்தலுக்கு ஓர் உதவி, அவ்வளவுதான்.

வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடைக் கோப்பை. ஆறு படல்களைத் தாண்டி ஓடும் பந்தயம். சவுக்கு மர விளாரைக் கட்டுக்கட்டாக நட்டு, இடுப்புயரத்துக்குக் கம்பி வைத்து இறுக்கிய தடுப்புக்குத்தான் அங்கே படல் என்று பெயர். பதினெட்டுக் குதிரைகள். எல்லாக் குதிரைக்கும் சமமான வாய்ப்பு வரவேண்டும் என்பதற்காக, நன்றாக ஓடுகிற குதிரைக்குச் சேணத்தில் ஈயப்பட்டையைச் செருகிப் பாரத்தை ஏற்றுவார்கள், சோம்பேறிக் குதிரைக்குக் குறைப்பார்கள். அந்த வருடம் நான்கு பந்தயம் தொடர்ந்து ஜெயித்திருந்த சுல்தானுக்கு ஆளும் ஈயமும் சேர்த்து எழுபத்திரண்டு கிலோ வைத்திருந்தார்கள். அத்தனை பாரத்தோடு ஆறு படல் தாண்டி எந்தக் குதிரையும் ஜெயித்ததில்லை, ஆனால் சுல்தான் தாண்டினாலும் தாண்டிவிடும் என்று ஊர் பயந்தது. சுல்தானை ஓட்டப்போவது அங்காத்தாளின் ஒரே மகன் குப்புராசு.

கோப்பைக்கு முந்தின வியாழக்கிழமை குளம்படிகள் வழக்கம்போல விழுந்திருந்தன. வேலி திறப்பதற்கு முன்பே உள்ளே நுழைந்து அங்காத்தாள் சுல்தானின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் படலுக்கு முன்னால் ஆழமாக ஊன்றி எழும்பியிருந்தது, அப்பால் சுத்தமாக இறங்கியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் படலுக்கு முன்னால் பின்னங்கால் வலது இழுத்த கோடு கொஞ்சம் நீளமாக இருந்தது. அப்பால் குளம்படி இல்லை. குதிரை முழங்காலில் விழுந்து உருண்ட பெரிய பள்ளம் இருந்தது, அதற்குப் பக்கத்தில் அது எழுந்து ஓடின தடமும் இருந்தது. பெரிய பள்ளத்துக்கு அடியில், ஒரு முழம் ஆழத்துக்கு, ஓர் ஆள் நீளத்தில் இன்னொரு பள்ளம். தலை இருந்த இடத்தில் தொப்பியின் விளிம்புகூடத் தெரிந்தது. விழுகிற ஆட்களின் தடத்தை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள்; கை ஊன்றின தடம் இருக்கும், பூட்ஸ் முனை கிளறின தடம் இருக்கும், நொண்டிக்கொண்டு வேலிப்பக்கம் போன தடம் இருக்கும். இங்கே எதுவும் இல்லை. கைகளால் புல்லை விலக்கி விலக்கி, சுற்றிலும் பத்தடிக்குத் தேடினாள். எழுந்து போனவனின் தடம் இல்லவே இல்லை.

ஆறு மணிக்கு வேலி திறந்து ஊர் உள்ளே வந்தது. சவரக்கடைக்காரர்தான் முதலில் பள்ளத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் திரும்பிச் சத்தமாகச் சொன்ன வார்த்தை, சுல்தான் கழிந்தது. அந்த வார்த்தை வேலியைத் தாண்டி, வர்க்கிக் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியது; ஒருவர் புத்தகத்தில் பேனாவால் குறுக்கே கோடு போட்டார், இன்னொருவர் அப்படியானால் மவுண்டன் குயின், நைட் பஸ் என்ற இரண்டு குதிரையில் ஒன்று என்றார், கணக்கு சார் பதினேழில் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று விளக்கத் தொடங்கினார். பெரிய சந்தேகம் தீர்ந்த நிம்மதி எல்லார் முகத்திலும் இருந்தது. பள்ளத்தைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். அந்த நாற்பது பேருக்கும் குப்புராசைத் தெரியும், அங்காத்தாள் அங்கேதான் நிற்கிறாள் என்பதும் தெரியும். ஒருவர்கூட அடியில் இருந்த சின்னப் பள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. அங்காத்தாள் தன் கையில் இருந்த திம்மிசுக் கட்டையால் அந்த நாற்பது தலையையும் இடித்துச் சமமாக்கிவிடலாமா என்று நினைத்தாள், நிஜமாகவே நினைத்தாள்.

செயலாளரிடம் போனாள். படலை எடுத்துவிடச் சொன்னாள். ஆறு படல் என்று அச்சடித்தாயிற்று என்றார். அப்படியானால் ஈயத்தையாவது எடுக்கச் சொன்னாள். அவர் பொறுமையாக விளக்கினார், ஜெயிக்கிற குதிரைக்குப் பாரம் ஏற்றுவதும் தோற்கிற குதிரைக்குக் குறைப்பதும்தான் இந்தப் பந்தயத்தின் நியாயம், பலவீனமானதுக்கும் ஒரு வழி வேண்டாமா என்றார். இருபத்தாறு வருடமாக ஒருநாளும் எதிலும் ஜெயிக்காத தனக்கு எவனும் ஒரு பட்டை ஈயத்தைக் குறைத்ததில்லையே என்று அங்காத்தாளுக்குத் தோன்றியது. குதிரைக்கு இருக்கிற நியாயம் குதிரை லாயத்தோடு நின்றுவிடுகிறது போலும்.

குப்புராசு வீட்டில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் பள்ளத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஏறமாட்டேன் என்று தானாகச் சொன்னால் குதிரை மொதலாளி அடுத்த சீசனுக்கு ஒரு கழுதையைக்கூடக் கொடுக்கமாட்டார் என்றான். சோறு இறங்கவில்லை அவனுக்கு. இருபத்துநாலு வயதுப் பையன், நாற்பத்தொன்பது கிலோ. பந்தயத்துக்காக வருடக்கணக்காகப் பட்டினி கிடந்து இளைத்த உடம்பு.

வெள்ளிக்கிழமை காலை செயலாளரே ஆள் அனுப்பி அங்காத்தாளைக் கூப்பிட்டார். நல்ல சேதி வைத்திருந்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஊரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, கமிட்டி கூடிப் பேசியிருக்கிறது. குப்புராசுக்கு உடம்பு சரியில்லை என்று போட்டு, சுல்தானை வேறொருவன் ஓட்டுவான், குப்புராசின் பெயருக்கு ஒரு கெடுதலும் வராது. ஒரே ஒரு வேலை, நேற்று பெண்கள் மிதிக்காமல் விட்ட அந்தப் பள்ளத்தை மட்டும் இன்றைக்கே மூடிவிட வேண்டும், பார்க்க நன்றாயில்லை. அங்காத்தாள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நேராக மைதானத்துக்குப் போய், மற்றவர்களை எதிர்பார்க்காமல், தானே மண் அள்ளிக் கொட்டி, தானே புல்கட்டி அடுக்கி, தண்ணீர் தெளித்து, திம்மிசுக் கட்டையால் இடி இடி என்று இடித்து மூடினாள். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு நேர்த்தியாக அவள் ஒரு பள்ளத்தையும் மூடியதில்லை. சாயந்தரம் நாட்டுக்கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள். குப்புராசு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை குதிரை ஓட்டுகிறவர்கள் படல்களை நடந்து பார்க்க வந்தார்கள். சுல்தானை ஓட்டப்போகிறவன் பெயர் லக்கன். ராஜஸ்தானத்தில் எங்கேயோ ஒட்டகம் மேய்க்கிற ஊர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பெரிய பந்தயத்தில் இது முதல் தரம். அவனுக்குத் தமிழில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. புல் மிதித்துக்கொண்டிருந்த அங்காத்தாளைப் பார்த்து, அம்மா என்று அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, மூன்றாம் படலுக்கு அப்பால் குதிரை எங்கே கால் வைக்கும் என்று அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டு போனான். அவள் இடித்து மூடின இடத்தின்மேல் நின்று குதிகாலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. நல்ல மண் என்பதற்கு அடையாளமாக அவளைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அவள் நேரே போய் வேலியோரம் நின்ற மேஸ்திரியிடம், இவனுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டாள். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தான். லாயத்தில் கேட்டாள், தெரியாது போல என்றார்கள். மூன்று நாளாக ஊரே அதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை, அந்த ஒருவனிடம் மட்டும் ஒருத்தரும் பேசவில்லை. வீட்டுக்கு ஓடினாள். குப்புராசுக்கு லாயத்து இந்தி நன்றாக வரும்.

“நீயாச்சும் அந்தப் பையங்கிட்டச் சொன்னயா?”

குப்புராசு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சொன்னா அவன் ஏறமாட்டான்மா. அப்பறம் மறுபடி என்னயத்தான் ஏறச் சொல்லுவாங்க.”

அவள் அவனை அடிக்கவில்லை. அடிக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தவள் அவள்தான். வேறொருவன் என்று செயலாளர் சொன்னபோது அந்த வேறொருவன் யார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, தன் பிள்ளை தப்பினால் போதும் என்று அந்தக் குழிக்கு மேல் பட்டுப்போலப் புல் போர்த்தினோமே என்று நினைக்க நினைக்க, ஊர்மேல் இருந்த கோபம் முழுக்கத் திரும்பி அவள் தலையிலேயே விழுந்தது. லக்கனிடம் சொல்லி அவன் இறங்கினால் இன்னொருவன் ஏறுவான். அவன் இறங்கினால் இன்னொருவன். ஏறுவதற்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கும், ஈயத்தை எவனும் தொடமாட்டான், படலை எவனும் பிடுங்கமாட்டான். அன்றைக்கு முழுக்க அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றேகால். பதினைந்தாயிரம் பேர். பதினெட்டுக் குதிரைகள் புறப்படும் கோட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தயம் முடிந்து சிவப்புக் கொடி இறங்கும்வரை குதிரையைத் தவிர வேறெதுவும் அந்தப் புல்லில் கால் வைக்கக்கூடாது என்பது அந்த மைதானத்தின் கட்டளை. அங்காத்தாள் வேலிக் கட்டைக்கு அடியில் குனிந்து நுழைந்து நடந்தாள். மூன்றாம் படலுக்கு அப்பால் போய், மண்டியிட்டு உட்கார்ந்து, தான் அடுக்கின புல்கட்டிகளைத் தானே பிடுங்கி வீசத் தொடங்கினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அவள் அவ்வளவு நன்றாக இடித்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மயிலாத்தாள் என்பவள், அங்காத்தாளோடு இருபது வருடம் பக்கத்தில் நின்று மிதித்தவள், பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளம் பழையபடி திறந்துவிட்டது, தொப்பி விளிம்பு பதிந்த இடம்வரைக்கும்.

அப்போது எழுந்த கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஊர் சுல்தானைக் கழித்துவிட்டு வீட்டில் இருந்த எல்லாவற்றையும் மற்றக் குதிரைகளின்மேல் போட்டிருந்தது. சுல்தான் விழாவிட்டால் ஊர் விழும். இழுத்து வெளியே போடு, நேரம் ஆகிறது என்று சவரக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் வேலியில் ஏறி நின்று கத்தினார்கள். அவர்களுக்கு நடுவில் குப்புராசும் நின்றான். அவன் மட்டும் கத்தவில்லை. செயலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். 

“உன் பையன்தான் ஓட்டலையேம்மா. நீ கேட்டதைச் செஞ்சாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“படலைப் புடுங்கோணுங்க.”

“அந்தப் பையன் யாரு, எந்த ஊரு? உனக்கு அவன் என்ன வேணும்? அவனைப் பெத்தவளா நீ?”

அங்காத்தாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“பெத்தவ இங்க இல்லீங்களே சாமி. அவ வர்ற வரைக்கும் நான் உக்காந்திருக்கறேன்.”

சொல்லிவிட்டு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பத்துப் பேரும் அவளைச் சுற்றி, படலுக்கு அப்பால் குதிரை கால் வைக்கக்கூடிய இடம் முழுக்க, வரிசையாக உட்கார்ந்தார்கள். கல் வந்தது. செருப்பு வந்தது. மயிலாத்தாளுக்கு நெற்றி உடைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குப்புராசு வேலியைத் தாண்டிக் குதித்தான். அம்மாவிடம் வரவில்லை, நேராகப் புறப்படும் கோட்டுக்கு ஓடி, சுல்தானின் வாரைப் பிடித்துக்கொண்டு, லக்கனிடம் இந்தியில் ஏதோ சொன்னான். லக்கன் தூரத்தில் இருந்த அந்தப் பெண்களை வெகுநேரம் பார்த்தான். பிறகு குதிரையைவிட்டு இறங்கினான். அவனைப் பார்த்து அடுத்தவன் இறங்கினான். பதினெட்டுப் பேரும் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வருடம் கோடைக் கோப்பை நடக்கவில்லை. முதன்முறையாகக் குளம்படி பொய்த்தது, அதன்பிறகு மைதானத்தில் முன்கூட்டி ஒரு குளம்படியும் விழவில்லை. ஊரின் பிழைப்பையே கெடுத்தவள் என்று வெள்ளிமட்டம் அங்காத்தாளை இன்றுவரை மன்னிக்கவில்லை. வர்க்கிக் கடையில் அவளுக்கு டீ தருவதில்லை. அவளும் ஊரை மன்னிக்கவில்லை.